எல்-1 சூப்பர் கண்டக்டர்

டெண்டர் என்ற சொல்லோடு கொஞ்சமாவது பழகியவர்களுக்கு எல்-1 தெரிந்திருக்கும். கேட்ட பொருளை எவர் ஆகக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறாரோ அவர்தான் எல்-1. அடுத்தவர் எல்-2. ஆர்டர் எல்-1க்குப் போகும். பினாயில் வாங்கினாலும் அப்படித்தான், பெஞ்சு வாங்கினாலும் அப்படித்தான். ஆராய்ச்சிக் கூடத்துக்கு விரல்நகம் அளவில் ஒரு படிகத் தகடு வாங்கினாலும் அப்படித்தான். முதல் இரண்டோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவதோடுதான்.

பி.காம். படிக்கிறவனுக்கு லேசரும் படிகமும் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். இயற்பியலில் பிஎச்.டி. எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன், அவருக்கு அங்கே இன்னும் நிறைய கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு வந்தவரிடம், "என்னண்ணா, ஃபிலிம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"தகடே வரலடா தம்பி. ஃபைல் அக்கவுன்ட்ஸ்ல உக்காந்திருக்கு. உங்க ஆளுங்க மூணாவது கொட்டேஷன் கேக்கறாங்க."

"எப்போலேருந்துண்ணா?"

"ஜூன்லேருந்து."

அந்த "உங்க ஆளுங்க" சுருக்கென்று தைத்தது. உண்மைதானே? லேசரை ஓட்டுகிறவர் இயற்பியல்காரர். அது ஓடாமல் நிற்கும்போது ஃபைலைக் கையில் வைத்திருப்பவர் என்னைப் போல வணிகவியல் படித்துவிட்டுப் போனவர். ஆகவே இதைப் பற்றி எழுத மற்ற யாரையும்விட எனக்குத்தான் உரிமை அதிகம் :-)

சரி, அந்த அண்ணன் வளர்க்கப் பார்ப்பது என்ன? இரும்பு சேர்ந்த மீக்கடத்தியின் மென்படலம். மீக்கடத்தி என்றால் நாம் சாதாரணமாகச் சொல்லும் சூப்பர் கண்டக்டர். ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனதும் மின்தடை சுத்தமாக இல்லாமல் போகிற பொருள். மென்படலம் எவ்வளவு மெல்லியது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வருகிறது. அங்கே 1986 ஜனவரியில் திறந்த வைணு பாப்பு தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். வானத்து ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தக் கனத்த கண்ணாடி இல்லை, அதன் மேல் பூசிய அலுமினியப் படலம். அந்த மாதிரிப் படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். ஒரு மீட்டரைக் கோடிக் கூறு போட்டு அதில் ஒரு கூறு. படலம் மங்கினால் கண்ணாடியைக் கழற்றி, கழுவி, காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் வைத்து மறுபடி பூச வேண்டும். அந்தப் பூச்சு ஆலை காவலூரிலேயே இருக்கிறது. ஆக மென்படலம் என்பது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் மலை மேலேயே நாற்பது வருஷமாக நடக்கிற வேலை.

ஆனால் அலுமினியத்துக்கும் மீக்கடத்திக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அலுமினிய அணுக்கள் கண்ணாடி மேல் எப்படி உட்கார்ந்தாலும் ஒளி திரும்பிவிடும். மீக்கடத்திப் படலத்தில் அணுக்கள் வரிசை தப்பாமல் உட்கார வேண்டும். வாசலில் புள்ளி வைத்துவிட்டுக் கோலம் போடுவது மாதிரி. அடியில் இருக்கும் படிகத் தகடுதான் புள்ளி. மேலே வந்து விழும் அணுக்கள் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் கோலத்தை இழுக்கின்றன. புள்ளி கோணலாக இருந்தால் கோலம் என்னாகும் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் புள்ளித் தகட்டைத்தான் சப்ஸ்ட்ரேட் என்கிறார்கள். அண்ணனுக்கு ஜூனிலிருந்து வராமல் இருப்பதும் அதுதான்.

இரும்பு இதில் எப்படி வந்தது என்பது ஒரு நல்ல கதை. இரும்பின் காந்தகுணமும் மீக்கடத்தலும் கீரியும் பாம்பும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அப்போது டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் கொண்டிருந்த இடத்தில் ஹிடியோ ஹோசோனோவின் குழு, இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு சேர்மம் சில கெல்வின் குளிரில் மீக்கடத்தியாவதை 2006ல் கண்டது. உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 2008 பிப்ரவரியில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக் போட்டு, கொஞ்சம் ஃப்ளோரினும் சேர்த்து, 26 கெல்வினில் மீக்கடத்தல் என்று அறிவித்தார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 247 டிகிரி. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. சில மாதத்துக்குள் பெய்ஜிங்கில் சமாரியம் போட்டு 55 கெல்வின் வரை போய்விட்டார்கள். ஜூலையில் தைவானிலிருந்து ஒரு செய்தி: ஆர்சனிக் என்ற நஞ்சே வேண்டாம், இரும்பும் செலினியமும் மட்டும் போதும், 8 கெல்வின். அதே 2008ல் ஹோசோனோ குழுவே துடிப்பு லேசரை வைத்து இரும்பு மீக்கடத்திப் படலமும் வளர்த்துவிட்டது.

மாதங்களைக் கவனியுங்கள். பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ஒரு துறையே பிறந்து, நடந்து, ஓடவும் ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரியில் டெண்டர் போட்டவன் டிசம்பரில் என்ன செய்துகொண்டிருப்பான்? விலைப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பான்.

நம் ஆட்கள் சும்மா இருந்தார்களா என்றால் இல்லை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பாரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த ஒற்றைப் படிகத்தை அழுத்தத்தில் வைத்து மீக்கடத்தல் வருவதை 2009ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, அதே சேர்மத்தில் இரும்புக்குப் பதில் கொஞ்சம் ருத்தேனியம் போட்டால் அழுத்தம் இல்லாமலே மீக்கடத்தல் வருகிறது என்று காட்டினார்கள். உலகத்தோடு தோளோடு தோள் ஓடிய வேலை இது. நமக்கு மூளை இல்லை, உழைப்பு இல்லை என்று யாராவது ஆரம்பித்தால் இதைக் காட்டி வாயை அடைக்கலாம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். இவை கட்டியும் தூளும் படிகமுமாகச் செய்த வேலைகள். உலை வேண்டும், சுத்தமான தனிமங்கள் வேண்டும், குளிர்விக்கவும் அழுத்தவும் கருவி வேண்டும். ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் ஓடும். படலம் அப்படி இல்லை. அது ஒவ்வொரு வாரமும் எதையாவது தின்னும். தகடு, டார்கெட், லேசருக்கு வாயு, வெற்றிடத்துக்கு கேஸ்கெட். இந்தத் துறையில் உலகம் பேசிய படலங்கள் டோக்கியோ, டிரெஸ்டன், ஜெனோவா, விஸ்கான்சின், புரூக்ஹேவன் என்று வந்ததற்கும், வாரா வாரம் தின்னக் கொடுக்கத் தெரிந்த கொள்முதல் முறைக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி.

இப்போது அந்த லேசர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வளர்க்க வேண்டிய பொருளை அழுத்திச் சுட்டு ஒரு வில்லை செய்துகொள்கிறார்கள். அதுதான் டார்கெட். காற்றை உறிஞ்சிய கலத்துக்குள் டார்கெட் ஒரு பக்கம், அதற்கு எதிரே நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி, சில நூறு டிகிரிக்குச் சூடேற்றிய தகடு. வெளியிலிருந்து புற ஊதா லேசர், ஒரு துடிப்பு நொடியில் கோடியில் சில பங்கு நேரம்கூட இருக்காது, டார்கெட்டின் மேல் விழுகிறது. விழுந்த இடம் உருகி ஆவியாவதற்குள் வெடித்து ஒரு தீநாக்கு மாதிரி எதிரே பாய்கிறது. இதில் விசேஷம், டார்கெட்டில் தனிமங்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றனவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் தகட்டுக்குப் போய்ச் சேரும். அடுப்பில் வைத்து ஆவியாக்கினால் முதலில் ஆவியாவது முதலில் போய்விடும், சாம்பாரில் தண்ணீர் மட்டும் சுண்டுகிற மாதிரி. லேசர் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை.

ரூபி லேசரை வைத்து 1965லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கண்டுகொள்வாரில்லை. 1987ல் திரவ நைட்ரஜன் குளிரிலேயே மீக்கடத்தும் தாமிர ஆக்சைடு வந்தபோது, அமெரிக்காவில் நியூஜெர்சியின் பெல்கோர் ஆய்வகத்தில் திருமலை வெங்கடேசன் இருந்த குழு இந்த முறையில் அதன் படலத்தை அதே ஆண்டில் வளர்த்துக் காட்டியது. அதற்குப் பிறகுதான் பி.எல்.டி. என்று உலகமெல்லாம் பிரபலமானது. வெங்கடேசன் நம் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போனவர். 1989ல் மேரிலாந்தில் நியோசெரா என்று நிறுவனம் தொடங்கி இந்தக் கருவிகளைச் செய்து விற்கவும் செய்தார். இங்கே படித்தவர் அங்கே செய்ததை இங்கே டெண்டர் போட்டு வாங்குவது... சரி, விடுங்கள், அது தனிச் சண்டை.

கணக்கு ஒன்று போடலாம். ஒரு துடிப்புக்கு 0.01 நானோமீட்டர் படலம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 100 நானோமீட்டருக்குப் பத்தாயிரம் துடிப்பு. நொடிக்குப் பத்துத் துடிப்பு அடிக்கும் லேசருக்கு அது ஆயிரம் நொடி. பதினேழு நிமிஷம். சூடேற்றுவது, வெற்றிடம் உண்டாக்குவது, ஆறவிடுவது எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பகல் வேலை. ஒரு பகல் வேலைக்கான தகடுக்கு ஏழு மாதம்.

"எந்தத் தகடா இருந்தா என்ன, மலிவா கிடைக்கறதப் போடு" என்றுதான் ஃபைல் சொல்கிறது. டெண்டர் மொழியில் இதற்கு அழகான பெயர் உண்டு: "அல்லது அதற்கு இணையானது". கம்பெனிப் பெயர் போட்டால் பாரபட்சம், அதனால் எதைக் கேட்டாலும் கடைசியில் இதை ஒட்டிவிட வேண்டும். இப்போது 2010ல் ஜெனோவாவில் நடந்ததைக் கேளுங்கள். இரும்பு, செலினியம், டெலூரியம் கலந்த பொருள் கட்டியாக இருக்கும்போது 15 கெல்வின் பக்கத்தில்தான் மீக்கடத்தியாகும். அதையே துடிப்பு லேசரால் லாந்தனம் அலுமினேட் தகட்டின் மேல் வளர்த்தார்கள். படலம் பக்கவாட்டில் இறுகியது. மீக்கடத்தும் வெப்பநிலை 21 கெல்வினுக்கு ஏறிவிட்டது. வேதிப்பொருள் அதே. இறுக்கம் மாறியது, குணம் மாறியது. அடுத்த ஆண்டு ஜப்பானில் ஆக்சிஜனே இல்லாத கால்சியம் ஃப்ளோரைடு தகட்டில் வளர்த்து நல்ல படலங்களை எடுத்தார்கள். தகட்டிலிருக்கும் ஆக்சிஜன் சூட்டில் மேலேறி வந்து படலத்தைக் கெடுக்காது என்பது அதிலுள்ள சௌகரியம். 2013ல் புரூக்ஹேவனில் நடுவே சீரியம் ஆக்சைடு படுகை ஒன்று போட்டு அதன் மேல் வளர்த்த படலம், 30 டெஸ்லா காந்தப்புலத்திலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் தாங்கியது. ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பெரும்பாலும் ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லாதான்.

ஆக, இந்த ஆராய்ச்சியின் கேள்வியே தகடு என்னவாக இருக்க வேண்டும் என்பதுதான். அதைப் போய் "இணையானது இருந்தால் போதும்" என்றால், பரீட்சைக்கு விடையை குமாஸ்தா எழுதிவிட்டார் என்று அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கும். மீக்கடத்தியைக் கம்பியாகவோ நாடாவாகவோ இழுத்தால் படிகத் துண்டுகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டும். தாமிர ஆக்சைடு வகையில் அந்தக் கோணல் நாலைந்து டிகிரியைத் தாண்டினால் மின்னோட்டம் தடாலென்று சரியும். இரும்பு வகையில் ஒன்பது டிகிரி வரை பொறுத்துக்கொள்கிறது என்று 2011ல் ஹோசோனோ குழு, லேசரால் வளர்த்த படலங்களை வைத்தே காட்டியது. கோணல் பொறுக்கும் என்றால் நாடா செய்யும் செலவு குறைய வழி இருக்கிறது என்று பொருள். செலவைக் குறைப்பதற்கான ஆராய்ச்சியையே செலவைக் குறைக்கிறேன் என்று நிறுத்தி வைப்பது, என்னத்தைச் சொல்ல.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அது லேசான வாதம் இல்லை. எல்-1 விதி வானத்திலிருந்து குதித்து வரவில்லை. வேண்டியவனுக்கு வேண்டிய விலைக்கு ஆர்டர் கொடுத்துப் பொதுப்பணத்தை விழுங்கிய அனுபவத்தில் வந்தது. நம் மாநிலத்தில் 1998லேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டதும் அதற்காகத்தான். பேராசிரியர் என்றால் உடனே உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. தவிர, விதியில் வழியே இல்லாமலும் இல்லை. தொழில்நுட்பத் தகுதியை முதலில் பார்த்துவிட்டுத்தான் விலையைப் பிரிக்க வேண்டும். ஒரே ஒருவர்தான் செய்கிறார் என்றால் தனியுரிமைப் பொருள் சான்றிதழ் போட்டு அவரிடமே வாங்கலாம். மத்திய பொது நிதி விதிகளில் இதெல்லாம் இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் யார் கையெழுத்துப் போடுவது? விலை கூடினதை வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். பத்து வருஷம் கழித்து, ஓய்வு பெறும் மாதம் பார்த்துக்கூட வரும். தகடு வராமல் ஏழு மாதம் கருவி நின்றால் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. இந்த நிலையில் நீங்கள் அந்த இருக்கையில் இருந்தாலும் மூன்றாவது கொட்டேஷன்தான் கேட்பீர்கள். நானும் கேட்பேன். கொட்டேஷன் தேவையில்லை என்று விதி சொன்னாலும் கேட்பேன். அந்த ஆள் கெட்டவர் இல்லை. அவரை எதற்குப் பயப்படச் சொல்லியிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எங்களுக்குச் செலவுக் கணக்கியல் என்று ஒரு பாடம் உண்டு. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார்கள், விலை வேறு, அடக்கச் செலவு வேறு. வாய்ப்புச் செலவு என்றும் ஒன்று உண்டு. இந்த மூன்றையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்தான் அங்கே போய் உட்கார்ந்ததும் விலையைத் தவிர மற்றதை மறந்துவிடுகிறார். நான் போட்டுக் காட்டுகிறேன். கருவி இரண்டு கோடி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பத்து வருஷ ஆயுள், நேர்கோட்டு முறையில் தேய்மானம், வருஷத்துக்கு இருபது லட்சம். ஏழு மாதம் சும்மா நின்றால் 11,66,667 ரூபாய். ஆராய்ச்சி மாணவருக்கு 2023லிருந்து மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000. ஏழு மாதத்துக்கு 2,59,000. இரண்டையும் கூட்டினால் பதினான்கு லட்சத்துக்கு மேல். லேசரில் நிரப்பிய ஃப்ளோரின் கலந்த வாயு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெட்டுக்கொண்டே இருக்கும், அதைச் சேர்க்கவில்லை. தகட்டில் எல்-1 வழியாக மிச்சம் பிடித்தது சில ஆயிரம். அண்ணனின் வாழ்க்கையில் ஏழு மாதத்துக்கு எந்தக் கணக்குத் தலைப்பும் இல்லாததால் அதையும் விட்டுவிட்டேன்.

வாயு என்றதும் ஞாபகம் வருகிறது. கிரிப்டான் ஃப்ளோரைடு லேசரில் கிரிப்டானும் ஃப்ளோரினும் துளிதான், மீதி பெரும்பாலும் நியான். 2022ல் உக்ரைன் போர் வந்ததும் நியான் விலை எங்கேயோ போய்விட்டது, சுத்தமான நியானில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை ஏறும் காலத்தில் எல்-1 என்ன செய்வார்? கொட்டேஷன் காலாவதி என்று கையை விரிப்பார். மறு டெண்டர். மறுபடி முதலிலிருந்து.

வரிக்கு வருவோம், இது என் சொந்த வீட்டுச் சமாச்சாரம். அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 18 ஆனது. நம் இரண்டு கோடிக் கருவிக்கு 10 லட்சமாக இருந்த வரி 36 லட்சம். வாணியம்பாடியில் ஒரு தோல் ஆலை இயந்திரம் வாங்கினால் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டு, தான் விற்கும் தோலின் வரியில் கழித்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் எதை விற்று எதில் கழிக்கும்? அதற்கு வரி கட்டின பணம் கட்டினதுதான். அரசு ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் வரி என்று எடுத்துக்கொள்கிறது. நடுவில் குறைந்தது 26 லட்சத்துக்கான தகடும் வாயுவும்.

2024 ஜூலை பட்ஜெட்டில் இதைவிட வேடிக்கை. ஆய்வகத்துக்கென்று இறக்குமதியாகும் ரசாயனங்களுக்கு சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதம்! ஆய்வக ரசாயனம் என்ற பெயரில் சாராயத்துக்கான எத்தனால் வருகிறது என்ற சந்தேகம்தான் காரணம் என்றார்கள். விஞ்ஞானிகள் கத்திக் கூப்பாடு போட்டதில் ஆகஸ்ட் 1ஆம் தேதியே பழைய வரிக்குத் திரும்பினார்கள். திரும்பினது நல்லது. ஆனால் எத்தனாலைப் பிடிக்க செலினியத்துக்கும் டெலூரியத்துக்கும் சேர்த்து வலை போடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது, அது கையெழுத்தாகி பட்ஜெட் வரைக்கும் வந்தது பாருங்கள்.

2020 மே மாதம் போட்ட உத்தரவும் இப்படித்தான். 200 கோடி ரூபாய்க்குக் குறைந்த கொள்முதலுக்கு உலக டெண்டர் கூடாது, வேண்டுமென்றால் மேலிடத்தில் விதிவிலக்கு வாங்கி வா. உள்நாட்டுத் தொழில் வளரட்டும் என்ற நோக்கத்தில் தப்பில்லை. வெற்றிடக் கலமும் பூச்சு இயந்திரமும் செய்ய நம்மால் முடியும். பெங்களூரில் ஹிந்த் ஹை வாக்குவம் 1965லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. ஆனால் எக்சைமர் லேசரை வாங்க ஜெர்மனியின் கோட்டிங்கன் பக்கம் பார்ப்பதுதான் உலக வழக்கம். உள்ளூரில் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் ஒரே பூட்டுப் போட்டார்கள்.

2025 ஜூனில் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மத்திய அறிவியல் நிறுவனங்களில் கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு பத்து லட்சத்திலிருந்து 25 லட்சம். 200 கோடி வரை உலக டெண்டருக்கு இயக்குநரும் துணைவேந்தருமே ஒப்புதல் தரலாம். அரசின் ஜெம் இணையச் சந்தைக்கு வெளியேயும் வாங்கலாம். இதைச் செய்தவர்களுக்கு ஒரு சபாஷ். ஆனால் இது மத்திய அரசின் விதி. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்லூரிகளும் 1998 சட்டத்தின் கீழே இருக்கின்றன. திருப்பத்தூரிலிருந்து எம்.எஸ்சி. படிக்கப் போகிற பிள்ளைகள் முதலில் கால் வைப்பது கல்பாக்கத்திலோ ஐ.ஐ.டி.யிலோ இல்லை, இந்த இடங்களில்தான். எல்லாக் கல்லூரிக்கும் லேசர் வாங்கிக் கொடு என்று கேட்கவில்லை, அது முட்டாள்தனம். யு.ஜி.சி.யும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வு மையம் இந்தூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கே பொதுவாகக் கருவிகளை வைத்திருக்கிறது, கல்பாக்கத்திலும் அதன் கிளை உண்டு. லேசர் அங்கே இருக்கட்டும். தகட்டையும் டார்கெட்டையுமாவது மாணவன் தன் துறையிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டாமா? இடம் கிடைத்த வாரத்தில் தகடு வரவில்லை என்றால் அடுத்த முறை எப்போதோ.

அரசுக்குத் தரம் பார்க்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். நம் ஊர் அரசு சந்தனக்கிடங்கைப் பாருங்கள். மலையிலிருந்து வரும் சந்தனக் கட்டையைச் செதுக்கி, வேர், தண்டு, சிலாம்பு, தூள் என்று தரம் தரமாகப் பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஏலம். கட்டை எல்லாம் ஒன்றுதானே, மொத்தமாகக் கொட்டி விற்றுவிடலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. விற்கும்போது இருக்கிற இந்தக் கண் வாங்கும்போது எங்கே போகிறது? ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்கிறவரிடம் போய் மலிவான பதனிடும் ரசாயனம் ஒன்று இருக்கிறது, இணையானது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு லாட் தோல் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று அவர் பதில் சொல்வார். அவருக்கு சி.ஏ.ஜி. தணிக்கை கிடையாது, ஆனால் எது செலவு என்று தெரியும்.

தணிக்கையை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. பிழைப்பே அதில்தான் எனக்கு. தணிக்கையை முழுசாகச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது விலை கூடுதலாகக் கொடுத்தாயா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பத்தி போடட்டும். கருவி இந்த ஆண்டு ஓடாமல் நின்றது எத்தனை நாள், அதில் பொருள் வராமல் நின்றது எத்தனை நாள். ஒவ்வொரு நாளுக்கும் தேய்மானத்தையும் உதவித்தொகையையும் போட்டு ஒரு தொகை எழுதட்டும். அந்தத் தொகைக்கு நேரே ஃபைல் யார் மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்ற தேதியும் வரட்டும். கணினியில் இருக்கிற தேதிதான், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே ஒரு தணிக்கை அறிக்கையில் "தகடு தாமதம், நட்டம் 14,25,667 ரூபாய்" என்று ஒரு வரி அச்சாகட்டும். அடுத்த வருஷம் அந்த மூன்றாவது கொட்டேஷனை யார் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம்.